குடலின் உட்சுவரைக் காப்பது யார்?

சுங்கை பினாங்கிலோ பக்கத்து ஜெலுத்தோங்கிலோ சந்தைக்குப் போனால் கொய்யாப்பழம் வாங்கலாம். மருந்துக் கடைக்குப் போனால் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் மாத்திரை வாங்கலாம். குடல் புண்ணை இவை ஆற்றுமா? மாணவர்களே, முதலில் குடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

ஒரே ஓர் அடுக்கு

சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். உணவுச் சத்தை உள்ளே விட்டுக் கிருமிகளைத் தடுத்து நிறுத்துவது, அதன் உட்பரப்பிலுள்ள ஒரே ஓர் உயிரணு அடுக்கு. இவ்வுயிரணுக்களில் பெரும்பாலானவை 3 முதல் 5 நாள்களில் உதிர்ந்துவிடும். குடற்சுவரின் நுண்குழிகளிலுள்ள தண்டு உயிரணுக்கள் பிரிந்து புதியவற்றைத் தருகின்றன. உண்மையான பழுதுபார்ப்பு வேலை இவற்றுடையதே.

தாக்குவதும் தடுப்பதும்

உயிரணு ஆற்றலை உருவாக்கும்போது சூப்பர்ஆக்சைடு போன்ற ஃப்ரீ ராடிகல்களும் தோன்றுகின்றன. இவற்றில் இணை சேராத எலக்ட்ரான் இருப்பதால் அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகின்றன. இவற்றுக்குத் தானே எலக்ட்ரானைக் கொடுத்து அடக்குவது ஆக்சிஜனேற்றத் தடுப்பான். வைட்டமின் சி உணவிலிருந்து கிடைக்கிறது. குளுட்டாதயோனை உடலே தயாரித்துக்கொள்கிறது.

வேலூர் ஆய்வு

இண்டோமெத்தசின் ஒரு வலி நிவாரணி. அது சிறுகுடலைப் புண்ணாக்கக்கூடும். தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதை எலிகளிடம் ஆராய்ந்து, இச்சேதத்தில் ஃப்ரீ ராடிகல்களுக்குப் பங்குண்டு என்று கண்டனர். வாய்வழியாகக் குளுட்டமின் கொடுத்தபோது பாதிப்பு குறைந்ததை 2004இல் வெளியிட்டனர். குளுட்டமின் என்பது குளுட்டாதயோன் உருவாக உதவும் அமினோ அமிலம்.

அப்படியானால் மாத்திரை போதுமா?

அவசரப்பட வேண்டாம். எலியிடம் கண்டது மனிதருக்கும் பொருந்தும் என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு இதற்கு ஒரு பாடம். பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தனர். 1994இல் வந்த முடிவோ, அதை உட்கொண்டவர்களிடம் அந்நோய் 18 விழுக்காடு கூடுதல் என்றது!

ஆகவே, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் காவலாளி, கொத்தனார் அல்ல. சேதத்தைக் குறைத்தால் தண்டு உயிரணுக்களின் வேலை எளிதாகலாம். கொய்யாவில் ஆரஞ்சைப்போல் சுமார் நான்கு மடங்கு வைட்டமின் சி உண்டு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது மருந்தாகிவிடாது. வலி நிவாரணியை மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து விழுங்காதீர்கள்.

சிந்திக்க:
1. குடல் உட்சுவர் உயிரணுக்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுவதன் நன்மை என்ன?
2. எலிகளிடம் கண்ட முடிவை மனிதரிடமும் சோதிக்க வேண்டியது ஏன்?