பணிவிடை செய்பவருக்கும் ஹக்கு உண்டு

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு ரமளானில் பத்ருக்காக முஸ்லிம்கள் மதீனாவை விட்டுப் புறப்பட்டபோது ஹள்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தப் படையில் இல்லை. அவர்களுடைய மனைவியும் நபி (ஸல்) அவர்களின் திருமகளுமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றுப் படுத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே உஸ்மான் (ரலி) அவர்களை ஊரில் நிறுத்தினார்கள். பத்ரில் கலந்து கொண்டவருக்குரிய நன்மையும், கனீமத்துப் பொருளில் ஒரு பங்கும் அவர்களுக்கு உண்டு என்றும் சொல்லி விட்டார்கள். இது ஸஹீஹ் புகாரியில் வரும் செய்தி.

நோயாளிக்குக் கித்மத் செய்வதன் சிறப்பைச் சொல்ல இந்தச் சம்பவத்தை மிம்பர்களில் எடுத்துச் சொல்வது வழக்கம். அது சரிதான். ஆனால் இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதர் மீது இரண்டு சுமைகளை ஏற்றவில்லை. "மனைவியையும் பார்த்துக் கொள்ளும், யுத்தத்திற்கும் வந்து சேரும்" என்று அவர்கள் சொல்லியிருந்தால் உஸ்மான் (ரலி) அவர்கள் மறுத்திருக்கப் போவதில்லை. மறுக்க மாட்டார் என்பதற்காக ஏற்றி விடலாமா? நாம் இந்த மாதம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் இதுதான்.

நெல்லித்தோப்பிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய வைத்தியப் பள்ளியிலிருந்து வளர்ந்து, 1964-இல் இப்போதைய பெயரைப் பெற்றது அது. இவை போக அரசுப் பொது மருத்துவமனை, தனியார் ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்கள் வேறு. புதுச்சேரியை ஆஸ்பத்திரி ஊர் என்றே சொல்லி விடலாம். நம்முடைய வீட்டுப் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் நர்ஸாகவும், ஆயாவாகவும், வார்டு பாயாகவும், லேப் டெக்னீஷியனாகவும் அங்கெல்லாம் வேலை பார்க்கிறார்கள். இவர்களில் சிலர் நம்மிடம் வந்து சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. "ஹஜ்ரத், முன்பெல்லாம் நோயாளி முனகினால் மனசு பதறும். இப்போது எரிச்சல்தான் வருகிறது. என் ஈமான் பலவீனமாகி விட்டதா?" என்கிறார்கள்.

இதற்கு ஈமானைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 1974-இல் நியூயார்க்கில் ஹெர்பெர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியல் மருத்துவர், இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டு செய்தவர்களைக் கவனித்து இந்த நிலைமையைப் பற்றி எழுதினார். எரிந்து தீர்ந்து போதல் என்பது அவர் வைத்த பெயரின் பொருள். தமிழில் இப்போது பணிச்சோர்வு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது, இதை நோய் என்று சொல்லாமல், வேலை செய்யும் இடத்தின் நெருக்கடியைச் சரியாகக் கவனிக்காததால் உண்டாகும் நிலை என்று எழுதி, மூன்று அடையாளங்களையும் குறித்தது. சக்தியெல்லாம் வடிந்து போனது போன்ற அசதி ஒன்று. வேலையின் மீது வெறுப்பும், அதிலிருந்து மனம் விலகிப் போவதும் இன்னொன்று. நாம் செய்வதில் என்ன பயன் என்ற எண்ணம் மூன்றாவது. பிராய்டன்பெர்கர் கவனித்ததில் ஒன்றை மறக்கக் கூடாது. மனம் ஒன்றி உழைத்தவர்கள்தாம் இதில் அதிகம் விழுந்தார்கள். ஏனோதானோ என்று செய்பவன் எரிந்து தீர்ந்து போவதில்லை. அவனிடம் எரிவதற்கு என்ன இருக்கிறது?

மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் ஒரு நாள் பள்ளிக்குள் நுழைந்தபோது இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருப்பதைக் கண்டார்கள். இது எதற்கு என்று விசாரித்தார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் நின்று தொழும்போது அசதி வந்தால் இதைப் பிடித்துக் கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. உடனே அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் இருக்கும் வரை தொழட்டும், அசதி வந்தால் உட்கார்ந்து விடட்டும் என்றார்கள். தொழுகையிலேயே கயிற்றைப் பிடித்துத் தொங்கிக் கொண்டு நிற்க வேண்டாம் என்றால், மற்ற வேலைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? நம் காலத்தில் அந்தக் கயிறு தேநீராகவும் தலைவலி மாத்திரையாகவும் வந்திருக்கிறது.

ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களும் அபுத்தர்தா (ரலி) அவர்களும் நபி (ஸல்) அவர்களால் சகோதரர்களாக ஆக்கப்பட்டவர்கள். ஸல்மான் (ரலி) ஒரு முறை அபுத்தர்தாவின் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி கவனிப்பாரற்ற கோலத்தில் இருப்பதைக் கண்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரலி) அவரைத் தம்மோடு உட்கார்த்தி உண்ண வைத்தார்கள். இரவில் அவர் தொழ எழுந்தபோது படுக்கச் சொன்னார்கள். மறுபடி எழுந்தார், மறுபடி படுக்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில்தான் இருவரும் எழுந்து தொழுதார்கள். ரப்புக்கு உள்ள ஹக்கு, நம் உடலுக்கும் உயிருக்கும் உள்ள ஹக்கு, குடும்பத்துக்கு உள்ள ஹக்கு, ஒவ்வொன்றையும் அதற்குரியபடி கொடுக்க வேண்டும் என்று விளக்கினார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக் கொண்டார்கள். ஓய்வு எடுப்பது சோம்பேறித்தனம் என்று நினைக்கும் நல்ல மனிதர்கள் இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். தூக்கம் நாம் திருடிக் கொள்ளும் பொருளன்று; உடல் நம்மிடம் கேட்டு வாங்கும் கடன்.

இனி வேலை வாங்குபவர்கள் பக்கம் வருவோம். உண்மையில் இந்த விஷயத்தின் பெரிய பாதி இவர்களிடம்தான் இருக்கிறது. அபூதர் (ரலி) அவர்கள் ரபதாவில் தாம் உடுத்தியிருந்தது போன்ற ஆடையையே தம் ஊழியருக்கும் உடுத்தி வைத்திருந்தார்கள். காரணம் கேட்டதற்கு நபி (ஸல்) அவர்கள் தமக்குக் கற்றுத் தந்ததைச் சொன்னார்கள். ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள்; நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள்; சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள்; சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்பது அதன் சுருக்கம். இதில் பொறுமையாக இரு என்று ஊழியருக்குச் சொல்லப்படவில்லை. சுமத்தாதே என்று எஜமானனுக்குச் சொல்லப்படுகிறது. ஸப்ரு பெரிய குணம், சந்தேகமில்லை. ஆனால் சுமையை ஏற்றி வைத்தவனே "ஸப்ரு செய்" என்று உபதேசம் செய்வது எந்த வகை நியாயம்? வாயில்லாத ஒட்டகம் ஒன்று அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டது. பட்டினி போட்டுக் களைக்க வைக்கிறார் என்று அது தம்மிடம் முறையிட்டதாகச் சொல்லி, அதன் உரிமையாளரைக் கண்டித்தார்கள். அபூதாவூதில் இது உள்ளது.

வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது எங்கள் ஊர் இரத்தம் சிந்திப் பெற்ற பாடம். 1936 ஜூலை 30-ஆம் தேதி கடலூர் சாலையில் உள்ள சவானா ஆலையில் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு 1937-இல் பிரெஞ்சு இந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. நூல் நூற்பவனுக்கு 8 மணி நேரம் கிடைத்த ஊரில், உயிரைக் கையில் வைத்திருப்பவர்களின் நிலையைப் பாருங்கள். பயிற்சி மருத்துவர்களைச் சாதாரணமாகத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேலும், வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூனிலேயே எழுதி வைத்தது. எழுதியது எழுத்தாகவே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், நீண்ட டியூட்டியின் நடுவே கருத்தரங்க அறையில் படுத்துறங்கிய பயிற்சி மருத்துவப் பெண் கொடூரமாகக் கொல்லப்பட்ட பிறகுதான், டாக்டர்கள் படுக்க இடம் இருக்கிறதா என்று நாடே கேட்டது.

களைத்தவனிடம் தவறு நேர்ந்தால் என்ன செய்வது? கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் இரவின் பிற்பகுதியில் இறங்கித் தூங்கினார்கள். பஜ்ருக்கு எழுப்பும் காவல் பிலால் (ரலி) அவர்களிடம் இருந்தது. அவர்களும் அதே நெடும்பயணத்தில் வந்தவர்கள்தாமே. இயன்ற வரை தொழுதுவிட்டு, கிழக்கே பார்த்தபடி ஒட்டகத்தில் சாய்ந்தார்கள். கண் அயர்ந்து விட்டது. வெயில் பட்டுத்தான் எல்லோரும் விழித்தார்கள். உங்களைப் பிடித்த அதே தூக்கம்தான் என்னையும் பிடித்தது என்று பிலால் (ரலி) சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் கடிந்து பேசவில்லை. அவ்விடத்தை விட்டு நகரச் சொல்லி, அந்தப் பிலாலையே அழைத்து ஏற்பாடு செய்யச் சொல்லித் தொழுதார்கள். நைட் டியூட்டியில் ஒரு நர்ஸ் ஐந்து நிமிடம் கண் அயர்ந்ததற்கு வார்டையே கூட்டி வைத்துச் சத்தம் போடும் நம் சகோதரர்கள் இதை யோசிக்க வேண்டும். 40 பேருக்கு ஒருத்தி என்று வைத்தது அவளா?

வீட்டுக்குள் வருவோம். பக்கவாதத்தில் படுத்த மாமியாரை மூன்று வருடமாக ஒரே மருமகள் தூக்கிப் படுக்க வைக்கும் வீடுகள் உண்டு. மற்ற பிள்ளைகள் ஈத் அன்று பழம் வாங்கி வந்து பார்த்து விட்டு, "நீ சுவர்க்கத்தைச் சம்பாதிக்கிறாய்" என்று சொல்லிப் போவார்கள். பிக்ஹு நூல்களைப் புரட்டிப் பாருங்கள். பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் கடமை பிள்ளைகள் மீது; மருமகள் மீதன்று. அவள் செய்வது இஹ்ஸான். இஹ்ஸானைக் கடமையாக்கிக் கொண்டு, கடமை உள்ளவர்கள் இஹ்ஸானாகப் பழம் கொண்டு வருவது தலைகீழ் கணக்கு. பாத்திமா (ரலி) அவர்கள் திரிகை அரைத்துக் கை காய்த்துப் போய் ஊழியர் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தஸ்பீஹ் கற்றுக் கொடுத்ததைச் சிலர் பெண்களின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். திண்ணைத் தோழர்கள் பசியோடு இருந்த காலம் அது. கையில் இருந்ததை அவர்களுக்கே கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் மகளின் களைப்பை இல்லையென்று சொல்லாமல், இரவில் அவர்கள் வீட்டுக்கே நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். தம் வீட்டிலோ வேலைகளில் கை கொடுப்பவர்களாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி சொல்கிறார்கள்.

ஆகவே நோயாளி உள்ள வீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்து முறை வைத்துக் கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு இரவாவது அந்தப் பெண் இடையில் எழாமல் தூங்க வேண்டும். நலம் விசாரிக்கப் போகிறவர்கள் நோயாளியை விசாரித்த பிறகு அவளையும் விசாரியுங்கள். அவளைத் தேநீர் போட வைத்து விடாதீர்கள். நைட் டியூட்டி முடித்து வரும் மகளோ மனைவியோ பகலில் தூங்கினால் அது அவளுடைய இரவு. விருந்தாளி வந்தார் என்று எழுப்ப வேண்டாம். லுஹர் வக்து முடிவதற்குள் மட்டும் எழுப்பி விட ஒருவர் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். அந்த நிம்மதியிலேயே அவளுக்குத் தூக்கம் வந்து விடும். ரமளானில் பாலூட்டும் தாய்க்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அனுமதி உண்டல்லவா? கூலிக்குப் பாலூட்டும் பெண்ணுக்கும் இந்தச் சலுகை உண்டென்று ஹனபி மத்ஹபின் நூல்கள் சொல்கின்றன. இன்னொருவரைப் பராமரிக்கும் உடலுக்கு ஷரீஅத் எவ்வளவு இடம் கொடுக்கிறது பாருங்கள்.

கடைசியாக நம் ஜமாஅத்துகள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் குறை சொல்வது எளிது. எத்தீம்கானாவில் பகலில் பாடம் நடத்திய உஸ்தாதே இரவில் 50 பிள்ளைகளோடு படுத்து, காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றியில் துணி போட்டு, பஜ்ருக்கு எல்லோரையும் எழுப்புகிறார். மோதினாருக்கு 365 நாளும் ஐந்து வேளையும் டியூட்டி; சொந்த ஊரில் மௌத்து என்றாலும் பதிலுக்கு ஆள் தேடி வைத்து விட்டுத்தான் போக வேண்டும். 2020-லும் 2021-லும் கொரோனா மையித்துகளை ஜாதி மத பேதமின்றி அடக்கம் செய்த நம் வாலிபர்களைப் பாராட்டிச் சால்வை போர்த்தினோம். இரவில் தூக்கம் வருகிறதா என்று எத்தனை பேர் கேட்டோம்? இவர்கள் கூலியோ லீவோ கேட்டால் "இக்லாஸ் குறைந்து விட்டது" என்கிறோம். இக்லாஸ் என்பது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. நிர்வாகிகள் அதைச் சம்பளப் பட்டியலில் வரவு வைக்க முடியாது.

முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஹிஜ்ரி 4-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் எழுந்த அளுதிய்யா மருத்துவமனையில் மருத்துவர்கள் முறை வைத்தே தங்கிப் பணி செய்தார்கள். 1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய மருத்துவமனைக்கு எழுதி வைத்த வக்பு, மருந்தோடு நிற்காமல், பணிவிடை செய்யும் ஆண்கள் பெண்களின் சம்பளத்திற்கும் வழி செய்தது. நம் மஹல்லாக்களில் விளக்குக்கும் கம்பளத்திற்கும் வக்பு உண்டு. அடுத்த முறை கணக்கு வாசிக்கக் கூடும்போது மூன்று விஷயங்களை எழுதி வைக்கும்படி முத்தவல்லியிடம் கேளுங்கள். மோதினாருக்கும் உஸ்தாதுக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்குப் பதிலி வருபவருக்கு ஒரு தொகை. எத்தீம்கானாவில் இரவுக்குத் தனியாக ஓர் ஆள். தொகை பெரிதாக இருக்காது. கடந்த மீலாதுக்குப் போட்ட சீரியல் விளக்கின் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.