விருப்பம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

நெடுநாள் நோயுற்றவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை: “முதலில் உடம்பு தேறட்டும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” அந்த ‘மற்றதில்’ தலையில் வைக்கும் முழம் பூவும், மாலையில் பார்க்கும் பழைய திரைப்படமும், பக்கத்து ஊருக்குப் போய்வருவதும் அடங்கிவிடுகின்றன. அன்பினால் சொல்லப்படும் சொற்களே எனினும், இவற்றால் ஒரு தீங்கு நேர்கிறது. மருந்து வேளையும் பரிசோதனை நாளும் மட்டுமே மிஞ்சிய வாழ்வில் மனம் வாடத் தொடங்குகிறது. பக்கவாதம், மாரடைப்பு, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவதை மருத்துவர்கள் நன்கறிவர். மனம் சோர்ந்தவர் மருந்தைத் தவறவிடுகிறார், நடைப்பயிற்சியைக் கைவிடுகிறார், உடல் தேறுவதும் தாமதமாகிறது.

சோர்வு வளரும் விதம்

நோயினால் ஒருவர் தமக்குப் பிடித்த செயல்களை நிறுத்துகிறார். மகிழ்ச்சி தரும் நிகழ்வுகள் குறைவதால் மனம் சோர்கிறது. சோர்ந்த மனத்துக்கு எதிலும் விருப்பம் எழுவதில்லை. ஆகவே எஞ்சிய செயல்களும் நின்றுபோகின்றன. இது ஒரு சுழல்.

அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் 1970-களில் இச்சுழலை ஆராய்ந்தார். மகிழ்வூட்டும் அன்றாடச் செயல்கள் 320 கொண்ட பட்டியல் ஒன்று அவ்வாராய்ச்சியில் உருவாயிற்று. விருப்பம் வந்தபின் செயலில் இறங்குவோம் என்று காத்திராமல், சிறு செயல் ஒன்றை முதலில் செய்தால் விருப்பம் மெல்லத் திரும்பி வரும் என்பதே இம்முறையின் அடிப்படை.

நம் நாட்டிலும் இது சோதிக்கப்பட்டுள்ளது. கோவா மாநிலத்தின் 10 ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மிகுந்த மனச்சோர்வுற்ற 495 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, இம்முறையில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களின் உதவியும் கிடைத்தது. அந்த ஆலோசகர்கள் மனநலப் படிப்புப் படித்தவர்கள் அல்லர். மூன்று மாதங்களுக்குப் பின் அப்பிரிவில் 64 விழுக்காட்டினர் சோர்விலிருந்து மீண்டனர். மற்றப் பிரிவில் மீண்டவர்கள் 39 விழுக்காட்டினர். முடிவுகள் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2017-ஆம் ஆண்டு அச்சாயின.

இனி, நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் மூன்று மகிழ்ச்சிகளைக் காண்போம்.

பூ

நண்பகலில் வாங்கிய மல்லிகை மொட்டு மாலையில்தான் விரிந்து மணக்கும். நாள் முழுதும் படுத்திருப்பவருக்கு, அன்றைய தினத்துக்குள்ளேயே எதிர்நோக்க ஒன்று கிடைக்கிறது. வாசனை ஒவ்வாதவர்களுக்கு மணமில்லாத கனகாம்பரம் ஏற்றது. பூச்சூடும் வழக்கம் இல்லாதவர்கள் பூத்தொடுக்கலாம். தொட்டியில் ஒரு செடி வளர்க்கலாம். பக்கவாதத்தால் விரல்கள் தளர்ந்தவர்கள், இயன்முறை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பூத்தொடுப்பதையே கைப்பயிற்சியாகக் கொள்ளலாம்.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் பசுமைக்கும் பயன் உண்டு. ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேர் ஒப்பிடப்பட்டனர். செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிட, மரங்களைப் பார்த்திருந்தவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். வீரியமிக்க வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

ஓர் எச்சரிக்கை: தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரிடம் பூக்களையும் மண் தொட்டிகளையும் கொண்டு செல்லக் கூடாது. பூச்சாடி நீரிலும் மண்ணிலும் கிருமிகள் வளரும்.

பழைய திரைப்படம்

முன்பே பார்த்த படத்தின் கதையைப் பின்தொடர மனம் உழைக்க வேண்டியதில்லை. களைத்தவர்களுக்கு இது பெரிய வசதி. எந்தக் கொட்டகையில் பார்த்தோம், யாரோடு போனோம் என்று பேச்சும் தொடங்கும். குடும்பத்தார் அப்பேச்சை வளர்க்க வேண்டும். மூன்று மணி நேரப் படத்தை ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று நாள்களுக்குப் பிரித்துக்கொண்டால் மறுநாளுக்கும் ஓர் ஆவல் மிஞ்சும். இரவில் நெடுநேரம் விழித்திருந்து பார்ப்பது உறக்கத்தைக் கெடுக்கும்.

வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) போன்ற நகைச்சுவைப் படம் பார்க்கையில், தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கும்போது தையலில் எழும் வலி குறையும்.

ஊர்ப் பயணம்

உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். அவரது திருமணத்தை முதியவர் வடிவில் வந்து தடுத்த இறைவன், ஓலை காட்டி வழக்குரைத்ததாகப் பெரியபுராணம் கூறும் திருவெண்ணெய்நல்லூரும் தொலைவில் இல்லை. அவ்வரலாற்றைச் சொல்லும் ‘திருவருட்செல்வர்’ (1967) படத்தை வீட்டில் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் திருநாவலூருக்குப் போய்வரலாம். நடமாட்டம் நன்கு திரும்பியவர்கள் பின்னர் கோமுகி அணைக்குச் செல்லலாம். கல்வராயன் மலையின் வளைவுப் பாதையில் பயணம் செய்யவும் அருவிகளுக்குச் செல்லவும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

வெயிலுக்கு முன் புறப்படுங்கள். மருந்துகளையும் மருத்துவச் சீட்டையும் கையில் வைத்திருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அல்லது மிட்டாய் எடுத்துச் செல்க. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அன்றைய நீரளவை மறக்கலாகாது. வெளியூர் செல்ல இயலாதவருக்குத் தெருமுனைவரை செல்வதும் பயணமே.

ஒரு வாரப் பயிற்சி

1. முன்பு பிடித்திருந்த ஐந்து செயல்களை எழுதுங்கள். மிக எளியதை முதலில் தேர்ந்தெடுங்கள்.
2. நாளும் நேரமும் குறியுங்கள். ‘முடிந்தால் பார்க்கலாம்’ என்பதை விட, ‘செவ்வாய் மாலை 5 மணி, பூத்தொடுத்தல்’ என எழுதுவது நல்லது.
3. செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுங்கள். 2 என்பது 3 ஆனாலும் அது முன்னேற்றமே.
4. இயலாமற்போனால் செயலைப் பாதியாகக் குறைத்து மறுநாள் செய்யுங்கள்.
5. அடுத்த முறை மருத்துவரிடம் வரும்போது இத்தாளைக் கொண்டு வாருங்கள்.

குடும்பத்தாருக்கு

“மனத்தைத் தேற்றிக்கொள்” என்ற அறிவுரையைக் காட்டிலும், “நூல் இதோ, நானும் தொடுக்கிறேன்” என்பது உதவும். தேர்வு நோயுற்றவருடையதாகவே இருக்கட்டும், வற்புறுத்த வேண்டாம். உடனிருந்து பராமரிப்பவரும் தமக்கென ஒரு செயலை இப்பட்டியலில் எழுதிக்கொள்ள வேண்டும். அவரும் சோர்வுக்கு ஆளாகக்கூடியவரே.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

இப்பயிற்சி மருந்துக்கு மாற்று அன்று. துயரமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், உறக்கமும் பசியும் கெட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். நோயாளியைத் தனியே விடவும் வேண்டாம். ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

உடம்பு தேறிய பிறகு என்று ஒத்திவைத்தவற்றுள் ஒன்றையாவது இந்த வாரத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.