செவலைக் கோழி

மறையூர் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லை அருகே உள்ளது. பக்கத்திலேயே சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது.

அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் செவலைக் கோழி வளர்த்தார். முட்டை விற்ற காசில் பேத்திக்கு நோட்டு வாங்குவார். ஒரு நாள் மத்தியானம் கோழியைக் காணவில்லை. புதர் ஓரம் இறகுகள் சிதறிக் கிடந்தன. எட்டுக் குஞ்சுகள் தாயைத் தேடிக் கத்தின.

"கறியில் விஷம் கலந்து வையுங்கள், பாட்டி. வந்தது சாகட்டும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வேண்டாம் பாட்டி. நம்ம நாய் தின்றுவிட்டால்?" என்றாள் பேத்தி.

பாட்டி யோசித்தார். வந்தது எது? மரநாய் இரவில் வரும். கோழி போனதோ பகலில். கீரி பகலில் இரை தேடும். காட்டுப் பூனையும் பகலில் வருவது உண்டு. யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

கீரி எலியையும் பாம்பையும் தின்னும். அது இருப்பது வயலுக்கு நல்லது. விஷம் வைத்து வனவிலங்கைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பாட்டி விஷம் வைக்கவில்லை. வீட்டை ஒட்டிய புதரை வெட்டினார். பகலில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தார். கூட்டுக்குச் சிறு கண் உள்ள கம்பிவலை அடித்தார். சுற்றிலும் கல் பதித்தார். பொழுது சாயும் முன் குஞ்சுகளைக் கூட்டில் அடைத்தார்.

போன கோழி வராது. இருக்கும் குஞ்சுகளைக் காக்கலாம்.

பேசுவோம்

1. உங்கள் ஊரில் கோழியைப் பிடிக்கும் விலங்குகள் எவை?
2. விஷம் வைத்தால் வேறு எவை சாகும்?
3. உங்கள் கோழிக்கூட்டில் ஓட்டை இருக்கிறதா?