புது ஊரில் வரவுக் கணக்கு

கேள்வி: நெல்லையிலிருந்து வேலைக்காகக் கோவை வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீடும் புதுசு, வேலையும் புதுசு. குறையென்று எதுவும் இல்லை. ஆனாலும் மனசு ஒட்டவில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, கோவை

பதில்: தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு வேறு ஊர் பழக நாள் பிடிக்கத்தான் செய்யும் அம்மா. புது இடத்தில் கண் முதலில் தேடுவது இல்லாததைத்தான். இருப்பதைப் பார்க்க அதைப் பழக்க வேண்டும்.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் மாணவர்களில் ஒரு பிரிவினர் 10 வாரம், வாரம் ஒருமுறை, தங்களுக்குக் கிடைத்த நல்லவை ஐந்து வரை எழுதினார்கள். எரிச்சல்களை எழுதியவர்களைவிட இவர்களுக்கு வாழ்க்கையில் நிறைவு கூடியிருந்தது.

நீங்களும் ஞாயிறு இரவில் எழுதுங்கள். ‘நல்ல வீடு’ என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து கொடியில் காயும் துணியை அசைக்கும் காற்று. உங்கள் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தால், அதில் போட்ட முதல் டம்ளர் காபி. எதிர்வீட்டு அக்கா நீட்டிய குழம்புக் கிண்ணம், அதில் மிதந்த கறிவேப்பிலை. இப்படி எழுதுங்கள்.

அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தராதீர்கள். உங்கள் ஊர் சொதியை ஊற்றிக் கொடுங்கள். அலுவலகத்தில் பொறுமையாகச் சொல்லித் தந்தவருக்கு அன்றே நன்றி சொல்லுங்கள்.

ஊர் ஏக்கம் வரும்; வரட்டும். நெல்லையை மறக்க வேண்டியதில்லை. மனதில் கோவைக்கும் ஓர் இடம் கொடுங்கள், போதும்.