முதல் அத்தியாயத்தை நின்றபடி படி

முகப்பேர் மேற்கு,
மார்கழி கடைசி வாரம்.

அன்புள்ள குட்டிம்மா,

உன் செய்தி வந்தது. "பெரியப்பா, எடுத்தா கீழ வைக்க முடியாத மாதிரி பத்து நாவல் சொல்லுங்க, புக் ஃபேர்ல வாங்கிடறேன்" என்று கேட்டிருக்கிறாய். பத்துப் பெயர் எழுதி அனுப்ப எனக்கு இரண்டு நிமிஷம் ஆகாது. அனுப்பினால் நீ பத்தையும் வாங்கி சோழிங்கநல்லூர் ஹாஸ்டல் அலமாரியில் அடுக்குவாய். மூன்றைப் பிரிப்பாய். மூன்றிலும் பத்தாம் பக்கத்தில் நின்றுவிட்டு, "எனக்குப் படிக்கிற பழக்கமே போயிடுச்சு" என்று உன் அப்பாவிடம் புலம்புவாய். அதனால்தான் பட்டியலுக்குப் பதில் இந்தக் கடிதம்.

பழக்கம் எங்கேயும் போய்விடவில்லை. எந்த மாதிரிக் கதை உன்னை இழுக்கும் என்பது உனக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். நாவல்கள் எல்லாம் ஒரே விதமாக ஆளை இழுப்பதில்லை. உனக்கான இழுப்பு எது என்று கண்டுகொண்டால் அப்புறம் என்னை மட்டுமல்ல, யாரையும் நீ கேட்க வேண்டியிருக்காது.

முதலில் நம் வீட்டுப் பரணில் இருக்கிற பைண்டு வால்யூமிலிருந்து தொடங்குகிறேன். உன் பாட்டி 'கல்கி' இதழிலிருந்து வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, காலிகோ முதுகு ஒட்டி வாங்கிய 'பொன்னியின் செல்வன்'. மணியத்தின் படங்கள் இருக்கும். பக்கத்தின் மறுபுறம் பாதி அறுந்த விளம்பரமும் இருக்கும். 1950இல் தொடங்கி 1954 வரை வந்த தொடர் அது. அடுத்த வாரமும் காசு கொடுத்து இதழை வாங்க வைக்க வேண்டும் என்பதால், ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு கேள்வியோடு முடித்தே ஆக வேண்டிய கட்டாயம் கல்கிக்கு இருந்தது. தமிழ் வாசகனைக் காக்க வைக்கும் வித்தையைப் பெரும்பாலும் வாரப் பத்திரிகைகள்தாம் வளர்த்தெடுத்தன.

'பொன்னியின் செல்வன்' தொடக்கத்தைக் கவனித்துப் பார். ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் ஒரு வாலிபன். வந்தியத்தேவனுக்குச் சோழநாட்டு அரண்மனைச் சங்கதி எதுவும் தெரியாது. நமக்கும் தெரியாது. அவன் கேட்கிற கேள்விதான் நம் கேள்வி. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை அவன் ஒளிந்திருந்து பார்க்கும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். பழுவேட்டரையரின் மூடு பல்லக்கில் இருப்பது யார் என்று அவனோடு சேர்ந்து நாமும் தவிக்கிறோம். பிரான்ஸில் டூமா இதைக் கல்கிக்கு நூறு வருஷம் முன்பே செய்திருந்தார். 1844இல் நாளிதழில் தொடராக வந்த 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' கதையிலும் குதிரையேறி, சிபாரிசுக் கடிதத்தோடு தலைநகருக்குப் புறப்படுகிற ஒரு பட்டிக்காட்டு இளைஞன்தான் நாயகன். பெருமாள்முருகனின் 'பூக்குழி'யும் இதே வழியில்தான் போகிறது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, கணவனோடு அவன் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற சரோஜாவுக்கு அங்கே யாரையும் தெரியாது. அவள் பயம் முதல் பக்கத்திலேயே நம்மைத் தொற்றிக்கொள்கிறது. ஊருக்குப் புதிதாய் வரும் ஆளின் கதை உனக்குப் பிடிக்குமா என்று பார். பிடித்தால் ஒரு வாசல் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இரண்டாவது வகை, நடக்க வேண்டியது நடந்து முடிந்த பிறகு தொடங்கும் கதை. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. நீ 'அசுரன்' பார்த்திருக்கிறாய், அதன் மூலம் இதுதான். படத்தில் தனுஷ் செய்த அப்பா வேடம்தான் மையம். நாவலில் நாம் அந்தப் பையன் சிதம்பரத்தோடு ஓடுகிறோம். கையை மட்டும் வெட்ட நினைத்துப் போனவன் ஆளையே முடித்துவிட்டான், இப்போது இருட்டில் ஓடுகிறான். கதை அங்கேதான் ஆரம்பம். அவன் யார், எதற்காக வெட்டினான் என்பதெல்லாம் ஓட்டத்தின் நடுவே, அப்பாவும் மகனும் கம்மாயிலும் காட்டிலும் ஒளிந்து கிடக்கும்போது சிறுகச் சிறுகத் தெரியவரும். ஒன்று சொல்லி வைக்கிறேன். அந்தக் கரிசல் பேச்சு முதலில் சில பக்கம் உன்னைத் தடுக்கும். அதைச் சலிப்பு என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடாதே. வாய்விட்டுப் படி, காது பழகிவிடும்.

மூன்றாவது வகையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) முச்சந்தியில் நின்ற ஒரு மரத்தைப் பற்றியது. அந்த மரம் அழிந்துபோனது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். பிறகு எதற்குப் படிக்க வேண்டும்? சொல்கிற குரலுக்காகத்தான். தாமோதர ஆசான் என்று ஒரு கிழவர் வருவார், பையன்களைச் சுற்றி உட்கார வைத்துப் பழங்கதை அளப்பார். அவர் பேச்சில் நீ மாட்டிக்கொண்டால், உன்னை இழுப்பது சம்பவம் அல்ல, சொல்லும் விதம் என்று தெரிந்துகொள். அப்படியானால் அதே ஆசிரியரின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) நாவலையும் எடுத்துப் பார். இல்லாத ஒரு மலையாள எழுத்தாளன் இறந்த தேதியில் தொடங்கி, அவன் நிஜமாகவே இருந்தவன் என்று நம்ப வைத்துவிடும்.

நாலாவது வகைக்கு நீ முகப்பேரில் வளர்ந்ததே போதும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வற்றிப்போனபோது, மெட்ரோ வாட்டர் லாரி வருகிற சத்தம் கேட்டதும் நீயும் உன் அம்மாவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே. அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அதில் வருவதும் இதே சென்னை, இதே குடம், இதே வரிசைச் சண்டை. ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். கொலை இல்லை, மர்மம் இல்லை. இருந்தும், 'இது நம்ம தெருவாச்சே' என்கிற ஒரே காரணத்துக்காகப் பக்கம் புரளும். சிறிய புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஐந்தாவதாக மர்ம நாவலைச் சொன்னால் உன் இலக்கிய சிநேகிதர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் பார்த்த காலத்தில் எங்கள் மத்தியில் ஒரு ராஜேஷ்குமார் நாவல் விடிவதற்குள் நாலு கை மாறும். அட்டை பிய்ந்து, ஆயில் கறையோடு திரும்பி வரும். கோயம்புத்தூரில் ஒரு கதை, வேறு ஊரில் இன்னொரு கதை என்று அத்தியாயம் மாற்றி மாற்றிப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டும் எங்கே சேரும் என்பதுதான் கொக்கி. சுஜாதாவின் கணேஷ் 1968இல் 'குமுதம்' தொடரான 'நைலான் கயிறு' வழியாக வந்தவன். பின்னால் வஸந்தும் சேர்ந்துகொண்டான். வர்ணனையைக் குறைத்து ஆட்களைப் பேச வைத்தே கதையை நகர்த்துகிற வேகம் சுஜாதாவுடையது. ரொம்ப நாள் படிக்காமல் இருந்து திரும்பி வருகிறவர்களுக்கு இவர்களைப் போல் கைகொடுப்பவர் இல்லை. வெட்கப்படாமல் படி.

இனி, தேடும் முறை. கண்காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில். பொங்கலுக்கு நீ இங்கே வந்ததும் திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறினால் போய்விடலாம். சனி, ஞாயிறு வேண்டாம். வேலை நாளில், திறந்த கையோடு, கூட்டம் சேர்வதற்குள் போ. முதல் தடவை எதையும் வாங்காதே. ஒரு ஸ்டாலில் ஒரு நாவலை எடு, ஓரமாக நின்று முதல் அத்தியாயத்தை முழுசாகப் படி. கடைக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், படிக்கிறவர்களை அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அத்தியாயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்துப் படி. நம் தமிழ்ப் பதிப்புகளில் பதிப்புரை, அணிந்துரை, முதல் பதிப்பின் முன்னுரை, மூன்றாம் பதிப்பின் முன்னுரை, ஒரு விமர்சகரின் கட்டுரை என்று வரிசையாக நிற்கும். யார் சாகிறார்கள், யார் யாரை விட்டுப் போகிறார்கள் என்பதையெல்லாம் அந்த விமர்சகர் கூசாமல் போட்டு உடைத்திருப்பார். நீ 'பத்துப் பக்கம் படிச்சேன், ஓடல' என்கிறாயே, அந்தப் பத்துப் பக்கத்தில் நாவல் எத்தனை பக்கம் என்று பார்த்தாயா? அவற்றையெல்லாம் தாண்டிப் போ. நாவலை முடித்த பிறகு வந்து படித்தால் அதே கட்டுரை அருமையாக இருக்கும்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திற. தொடக்கத்தில் மட்டும் வாணவேடிக்கை காட்டிவிட்டு அப்புறம் வழவழவென்று போகிற நாவல்கள் நிறைய. நடுப்பக்கமும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு.

கண்காட்சி வரை காத்திருக்கவும் வேண்டாம். கிளை நூலகம் இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக உன் அப்பா கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால், 'பொன்னியின் செல்வன்' நாவலை மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். இரண்டு அத்தியாயம் போனில் படித்துப் பார், இழுத்தால் புத்தகமாக வாங்கிக்கொள். ஊரே சொல்கிறது என்பதற்காக ஐந்து பாகத்தையும் ஒரேயடியாக வாங்கிவிட்டு முதல் பாகத்தில் நிற்கிறவர்கள் ஏராளம்.

மெதுவாக ஆரம்பிக்கிற நாவலை என்ன செய்வது என்று கேட்பாய். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' அவசரப்படுத்தாது. கும்பகோணத்துத் தெருவையும் சங்கீதத்தையும் ஆற அமரக் காட்டிக்கொண்டே போகும். அதற்கு ஐம்பது பக்கம் கொடு. அப்புறமும் ஒட்டவில்லையென்றால் தயங்காமல் மூடி வை. உன் வயதில் நான் மூடி வைத்த சில புத்தகங்கள் நாற்பதுக்கு மேல் தானாகத் திறந்துகொண்டன. பாதியில் வைப்பது பாவம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்துக்கு அது சரி, நாவலுக்கு அல்ல.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். சின்ன நோட்டு ஒன்று போடு. முடித்த புத்தகங்களை எழுத வேண்டாம். பாதியில் வைத்ததை மட்டும் எழுது: எந்த நாவல், எந்தப் பக்கத்தில், ஏன். 'பேர் நிறைய, குழப்பம்', 'வர்ணனை ஜாஸ்தி', 'அந்த ஆளைப் பிடிக்கல', இந்த அளவு போதும். ஏழெட்டு சேர்ந்ததும் உன் ருசி என்னவென்று அந்த நோட்டே சொல்லிவிடும். பொங்கலுக்கு அப்புறம் அடுத்த தடவை வரும்போது அதை எடுத்து வா. நீ கேட்ட பத்துப் பெயரையும் அதைப் பார்த்த பிறகு எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா