'ரிமோட்' விளக்கு எரிந்தால் பயப்படாதீர்கள்!



நைனார்பாளையத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குபவர். ஒருநாள் லேபில் மல்டிமீட்டரின் ரேஞ்ச் பட்டனை அமுக்கினேன், வேலை செய்யவில்லை. 'ரிமோட்' என்று ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. கெடுத்துவிட்டேன், அப்பாவின் எத்தனை மாதக் கூலி போகுமோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். இரவெல்லாம் தூக்கமில்லை.

மறுநாள் தைரியமாகச் சாரிடம் சொன்னேன். சிரித்தார். "கெடலைடா. கம்ப்யூட்டர் சொல்படி நடக்குது. பின்னாடி கேபிளைப் பாரு" என்றார்.

அந்தக் கேபிள்தான் ஜி.பி.ஐ.பி. ஹியூலெட் பாக்கார்டு நிறுவனம் உருவாக்கியது, 1975-ல் ஐ.இ.இ.இ. 488 என்ற தரமானது. ஒரு பஸ்ஸில் கம்ப்யூட்டரையும் சேர்த்து 15 கருவிகள் வரை இணைக்கலாம். மொத்தக் கேபிள் நீளம் 20 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கனெக்டரில் 24 பின்கள். அதில் சிக்னல் லைன்கள் 16: டேட்டாவுக்கு 8, ஹேண்ட்ஷேக்குக்கு 3, நிர்வாகத்துக்கு 5.

ஹேண்ட்ஷேக் எனக்குப் புரிந்தது அப்பாவின் வேலையை வைத்துத்தான். லாரிமேல் நிற்பவர் "ம், குடு" என்பார்; கீழே இருப்பவர் "இந்தா" என்று தூக்குவார்; "புடிச்சிட்டேன்" என்ற பிறகே கையை விடுவார். என்.ஆர்.எப்.டி., டி.ஏ.வி., என்.டி.ஏ.சி. ஆகிய மூன்று லைன்களும் இதே வரிசையில் இதைத்தான் செய்கின்றன. மேலே இரண்டு பேர் நின்றால் இரண்டு பேரும் தயாராக வேண்டும். அதனால் டேட்டாவைப் பெறும் கருவிகளில் மெதுவானது எதுவோ, அதன் வேகமே எல்லோருக்கும் வேகம்.

நிர்வாக லைன்கள் ஐந்தில் ஒன்றுதான் ஆர்.இ.என்., அதாவது ரிமோட் எனேபிள். இங்கே லைன் 'லோ' என்றால்தான் 'ஆம்' என்று பொருள். ஆனால் ஆர்.இ.என். லோ ஆனால் மட்டும் போதாது. கம்ப்யூட்டர் அந்தக் கருவியின் முகவரியைச் சொல்லி "நீ கேள்" என்றும் கூப்பிட வேண்டும். அப்போதுதான் அது ரிமோட்டுக்குப் போகும். முன்பக்கப் பட்டன்கள் ஓய்ந்துவிடும். (தேர்வுக்கு இது முக்கியம்!)

திரும்பக் கொண்டுவர 'லோக்கல்' பட்டனை அமுக்கினால் போதும். கம்ப்யூட்டர் 'லோக்கல் லாக்கவுட்' கட்டளை கொடுத்திருந்தால் அதுவும் கேட்காது, கம்ப்யூட்டர் ஆர்.இ.என். லைனை விட்டால் எல்லாக் கருவிகளும் லோக்கலுக்கு வந்துவிடும்.

இன்று யு.எஸ்.பி., லேன் வந்துவிட்டாலும் பல லேப்களில் இந்தக் கேபிள் இன்னும் இருக்கிறது. என்னைப் போல முதன்முதலாகப் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, கருவி நின்றுபோனால் பயந்து ஓடாதீர்கள். விளக்கைப் பாருங்கள், கேபிளைப் பாருங்கள், அப்புறம் கூச்சப்படாமல் சாரைக் கேளுங்கள். நான் ஒரு இரவுத் தூக்கத்தைச் சும்மா இழந்தேன்.