எல்லா வீலானுக்கும் ஒரே மரமா, ஆளுக்கொரு மரமா?

இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே பாதுகாப்புக்கென்று இரண்டாவது கேபிள் போட்டால் அங்கே ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. ஈதர்நெட்டில் ஃப்ரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. வளையத்தில் சிக்கிய பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே முடக்கும். டெக் நிறுவனத்தில் 1985-இல் ரேடியா பெர்ல்மன் வடிவமைத்த ஸ்பானிங் ட்ரீ, உபரி இணைப்பை அடைத்து வைத்து, நடப்பு இணைப்பு அறுந்ததும் அதைத் திறந்துவிடும். வீலான்கள் வந்த பிறகு, எத்தனை மரங்கள் வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஸ்பானிங் ட்ரீயின் பழைய வடிவமான 802.1டி-யை விட்டுவிடலாம். இணைப்பு அறுந்தால் அது மீள 30 முதல் 50 விநாடி ஆகும். 2001-இல் வந்த ஆர்எஸ்டிபி சில விநாடிகளுக்குள் மீள்கிறது.

ஐந்தாறு சுவிட்ச் உள்ள அலுவலகத்துக்கு, எல்லா வீலானுக்கும் ஒரே மரமாக ஆர்எஸ்டிபி போதும். எந்த கம்பெனி சுவிட்சுடனும் ஒத்துப்போகும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கணக்குப் பிரிவின் வீலான் 20-ஐ முதல் டிரங்கிலும், கேமராக்களின் வீலான் 30-ஐ இரண்டாவது டிரங்கிலும் மட்டும் அனுமதித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மரம் வீலானைப் பார்ப்பதில்லை, இணைப்பை மட்டுமே பார்க்கிறது. இரண்டாவது டிரங்கை அது அடைத்தால் கேபிளும் போர்ட்டும் நன்றாக இருந்தும் கேமராக்கள் செத்துவிடும். ஒரே மரம் என்றால் எல்லா டிரங்கிலும் எல்லா வீலானும் போக வேண்டும். இதில் சமரசமே கூடாது.

சிஸ்கோவின் ரேபிட் பிவிஎஸ்டி, வீலானுக்கு ஒரு மரம் கட்டும். பாதி வீலான்களுக்கு முதல் கோர் சுவிட்சை ரூட் ஆக்கி, மீதிக்கு இரண்டாவதை வைத்தால் இரண்டு இணைப்புகளும் வேலை செய்யும். முழுக்க சிஸ்கோ, வீலான்களும் இருபதுக்குள் என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். வீலான்கள் நூற்றுக்கணக்கில் போனால் நிலைமை வேறு. ஒவ்வொரு மரத்துக்கும் 2 விநாடிக்கு ஒரு செய்தி போயாக வேண்டும். சிறிய சுவிட்சுகள் சிலவற்றில் 128 மரங்களே உச்சம். அதற்கு மேற்பட்ட வீலான்கள் எந்தக் காவலும் இல்லாமல் ஓடும்.

பல கம்பெனி சுவிட்சுகள் கலந்த இடத்துக்கும் வீலான்கள் மிகுந்த இடத்துக்கும் என் தேர்வு எம்எஸ்டிபி. பழைய நார்டெல் சுவிட்சுகளின் ஸ்பானிங் ட்ரீ குரூப்பும் இதே சிந்தனைதான்: வீலான்களைக் குழுவாக்கிக் குழுவுக்கு ஒரு மரம். மேலே போகும் பாதை இரண்டுதான் என்றால் இரண்டு குழு போதும். ரீஜன் பெயர், திருத்த எண், எந்த வீலான் எந்தக் குழு என்ற பட்டியல் மூன்றும் எல்லா சுவிட்சிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் அந்த சுவிட்ச் தனி ரீஜனாகப் பிரிந்துவிடும். ஆகவே இன்னும் உருவாக்காத வீலான் எண்களையும் முதல் நாளே இரண்டு குழுக்களுக்கும் பங்கிட்டுவிடுங்கள். பின்னால் புது வீலான் சேர்க்கும்போது பட்டியலைத் தொட வேண்டியிராது.

எதைத் தேர்ந்தாலும் மரத்தை விரிய விடாதீர்கள். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில் 2002 நவம்பரில் அளவுக்கு மீறி விரிந்த ஸ்பானிங் ட்ரீ குலைந்து, நெட்வொர்க் நாட்கணக்கில் படுத்தது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். ரூட்டையும் கையால் நியமியுங்கள். எல்லா சுவிட்சும் 32768 என்ற அதே முன்னுரிமையோடு வருவதால், மேக் முகவரி சிறியதாக உள்ள சுவிட்ச் ரூட்டாகிவிடும். அது பெரும்பாலும் மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாக இருக்கும். முதல் கோருக்கு 4096, துணைக்கு 8192 கொடுங்கள். கணினி மாட்டும் போர்ட்களை எட்ஜ் போர்ட்டாக்கி, பிபிடியு கார்டையும் போட்டுவிடுங்கள்.